தலைப்பிறையன்று விழுந்த எரிவெள்ளி

786
பெரிய கிண்ணியா,
12.2.1965

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் கேட்டு எழுதும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிட்டேன். இங்கே யாரும் சுகமாக இல்லை. அங்கே நீங்கள் சுகமாக இருந்தால் அதைக் கேள்விப்பட எனக்கு விருப்பமும் இல்லை. கந்தளாயில் குடியேற்ற வீடுகளுக்குக் கூரை போடுகிறீர்களாம். துறையடியில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற ஆட்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கட்டின புருஷன் எங்கே என்று ஊரார் வாயால் தெரிந்துகொள்ளும் நிலைக்கு என்னை ஆளாக்கிவிட்டீர்கள்.

மார்கழிச் சூறாவளி கொண்டுபோன நம் கூரையில் பாதியைத்தான் திரும்பப் போட்டீர்கள். மற்றப் பாதி வெறும் கைமரமாக நிற்கிறது. முந்தாநாள் பெய்த மழைக்கு நானும் வாப்பாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குள் குந்தியிருந்தோம். ஊரான் வீட்டுக்கு ஓடு போடுகிற தச்சனின் பெண்சாதி என்று நல்ல பேர் எனக்கு.

அன்றைக்கு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லப் போகிறேன். நம் வாசலில் நான் சொல்லி முடிக்க முன்னமே கையை உயர்த்தி என்னை அடக்கிவிட்டீர்கள். கடிதத்தில் அது ஏலாது.

நோன்பு இருபத்தொன்பது. நோன்பு திறந்துவிட்டு ஆம்பிளைகள் எல்லாரும் தம்பலகாமக் குடாக்கரையில் மேற்கைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறை தெரிந்தால் விடியப் பெருநாள். வாப்பா கையை நீட்டி, "இந்தா மருமகன், பிறை" என்றார். அந்த நேரம் பார்த்து உங்கள் எல்லாருடைய முதுகுக்கும் பின்னால், கொட்டியாரக் குடாவுக்கு மேலே அந்த எரிவெள்ளி வந்தது. எனக்குக் கூரையில்லாத பாதி வழியாக வெளிச்சம் மட்டும் விழுந்தது. அடுப்புச் சாம்பல்கூடப் பளிச்சென்று தெரிந்தது. கரையில் நின்ற நீங்கள் எல்லாரும் கடல் பக்கம் திரும்பினீர்கள். மறுபடி மேற்கே பார்த்தபோது பிறை நின்ற இடத்தை மேகம் மூடிவிட்டது.

பள்ளிவாசலில் தலைவர் அப்துல் மஜீத் மரைக்கார் சாட்சி கேட்டார். பெருநாள் பிறைக்கு இரண்டு ஆம்பிளைகள் சாட்சி சொல்ல வேண்டும். வாப்பா கண்டேன் என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றது நீங்கள். ஒரு சொல் போதும். நீங்கள் "நான் காணல்ல" என்றீர்கள். மரைக்கார் சிரித்துக்கொண்டு, "நெருப்பப் பாத்த கண்ணுக்கு எங்க பாத்தாலும் பிறைதான்" என்றார். சனமும் சிரித்தது. பிறை தென்படவில்லை என்று றேடியோவிலும் வந்தது.

தன் கண்ணால் பிறை கண்டவன் மறுநாள் நோன்பு பிடிக்கக் கூடாது, ஊருக்குத் தெரியாமல் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். வாப்பா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடித்தார். மா அரிக்க அரிப்பு இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு றுக்கியா கண்டுவிட்டாள். அதோடு அவர் பிறை தெரியாதவர் மட்டுமல்ல, நோன்பைத் தின்றவரும் ஆகிவிட்டார். வாப்பா கடையைத் திறந்தால் எண்ணெய் வாங்க வருகிறவன், "முத்தலிப் காக்கா, இண்டைக்கு எத்தினை பிறை?" என்று கேட்கிறான். இப்போது கடையைத் திறக்கிறதில்லை.

பெருநாளன்று விடியற்காலை நீங்கள் தச்சு ஆயுதப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனீர்கள். புதுச் சாரன் அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. எழுதுகிறதென்றால் எழுதுங்கள்.

பல்கீஸ்


கந்தளாய்,
21.2.1965

பல்கீஸ்,

வஅலைக்கு முஸ்ஸலாம். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வேர்வையில் மை ஊறிவிட்டது. நான் எழுதிப் பழகியவன் இல்லை. பலகையில் பென்சிலால் கோடு கீறத்தான் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மாமா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நான் காணவில்லை என்றுதான் சொன்னேன். இந்த வித்தியாசம் மரைக்காருக்கு விளங்காது. சனத்துக்கும் விளங்காது. உனக்கு விளங்கும் என்று நினைத்தேன். அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்கிற சாட்சி, றுக்கியா கேட்டு வந்த அரிப்பு மாதிரி இரவல் வாங்குகிற சாமான் இல்லை. மாமாவின் கண்ணை இரவல் வாங்கி நானும் கண்டேன் என்று சொல்லியிருந்தால், என் சொல்லை நம்பி ஊர் முழுக்க ஒரு நோன்பை விட்டிருக்கும். அந்தப் பாரத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

திரும்பினேன், அது உண்மை. யார்தான் திரும்பாமல் இருப்பார்கள்? சூறாவளிப் பயம் இன்னும் ஒருவருக்கும் தெளியவில்லை. முதுகில் வெயில் பட்டது போல் இருந்தது. எங்கள் நிழலெல்லாம் எங்களுக்கு முன்னால் தண்ணீரில் நீண்டு விழுந்து, விழுந்த நிழல் நகரவும் தொடங்கியது. திரும்பினேன். கடலுக்கு மேலே தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. நடுவில் வெள்ளை, ஓரம் பச்சை, பின்னால் சிவப்புச் சிவப்பாய்ப் பொறி உதிர்ந்தது. துளி சத்தம் இல்லை. திருகோணமலைக் கோட்டைக்கு அப்பால் இரண்டாய்ப் பிளந்து அணைந்தது. எல்லாம் முடிந்து நெடுநேரத்துக்குப் பிறகுதான் இடி மாதிரி ஒன்று வந்து, ஊரில் மிஞ்சிக் கிடந்த தகரமெல்லாம் அதிர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கலிமா சொன்னார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது அழகாக இருந்தது. வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

இனி, நான் புறப்பட முன்னம் சண்டையில் நீ சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். "இது என்ட வீடு" என்றாய். சரிதான், உன் சீதன வீடு. நம் பக்கத்தில் எந்த ஆம்பிளை சொந்த வீட்டில் இருக்கிறான்? கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டில்தான் எல்லாரும் இருக்கிறோம். ஆனால் ஒருத்தியும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்ன பிறகு எந்த முகத்தோடு உள்ளே இருந்து சோறு தின்பது?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. மறுநாள் மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நீ. நீ குடித்தாயா? நீயும் என்னைப் போல் முப்பதாவது நோன்பைப் பிடித்தாய்.

வேலை கனக்க இருக்கிறது. உடம்பு அலுப்பாக இருக்கிறது.

அலியார்


786
பெரிய கிண்ணியா,
28.2.1965

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஓம், பிடித்தேன். நான் குடிக்கவில்லை என்பதை வாப்பா கண்டார். ஏன் என்று கேட்கவில்லை. கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வெளியே போனார். நீங்கள் பள்ளியில் செய்ததை நான் குசினியில் செய்தேன். அதைச் சொல்லிக் காட்டிவிட்டீர்கள். மனம் ஆறியதா?

வீட்டைப் பற்றி வந்த வார்த்தை ஆத்திரத்தில் வந்தது. வெளியே வந்ததை இனி விழுங்க ஏலாது. ஆனால் நீங்களும் அப்படி ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தவர் மாதிரித்தான் ஆயுதப் பெட்டியைத் தூக்கினீர்கள். அதையும் எழுதி வைக்கிறேன்.

சண்டை பிடிக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. விசயத்தைச் சொல்கிறேன். வாப்பா ஜும்ஆவுக்குப் போகிறதில்லை. வெள்ளிக்கிழமையும் வீட்டிலேயே லுஹர் தொழுகிறார். கடையைக் கைமாற்றிவிட்டு மூதூரில் மாமி வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். சாரன், சால்வை, தஸ்பீஹ் மணி எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிவிட்டார். பங்குனி முடிய முன்னம் புறப்படுகிறாராம். ஏன் வாப்பா என்று கேட்டதற்கு, "சனம் சிரிக்கிற ஊரில எனக்கு மையத்து எடுக்க வேணாம் புள்ள" என்றார். உம்மாவை அடக்கின ஊர் இது. அந்த மையவாடியைத் தாண்டி அவர் மூட்டையோடு போவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது?

உங்களை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்தான் ஒரு நாள் வாயை விட்டேன். உடனே, "மருமகன் காணாததக் கண்டெண்டு சொல்லல்ல. அதில பிழையில்ல" என்றார். நல்ல இரண்டு ஆம்பிளைகள். இரண்டு பேரும் உண்மையே பேசுகிறீர்கள். நடுவில் நனைகிறவள் நான்.

மரைக்காரின் அந்த ஒரு பேச்சுத்தான் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நெருப்பைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்பினாராம், கண்ணில் நின்ற கீற்றைப் பிறை என்று நினைத்துவிட்டாராம். அன்றைக்கு எங்கே பார்த்தாலும் பச்சையாய் ஒரு கீற்றுத் தெரிந்தது என்று பார்த்த எல்லாருமே சொல்கிறார்கள். வாப்பா பொய் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண் ஏமாந்திருக்குமோ என்று சில நேரம் எனக்கும் வருகிறது. அந்த நினைப்போடு அவருக்குச் சோறு போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

பல்கீஸ்


கந்தளாய்,
9.3.1965

பல்கீஸ்,

ஸலாம். இதை அவசரமாக எழுதுகிறேன்.

என்னோடு வேலை செய்கிற அல்பிரட் என்று ஒருவன், திருகோணமலைப் பட்டினத்து வேதக்காரன். நேற்று அந்திப்பட்ட பிறகும் கூரை வளை ஏற்றுகிற வேலை முடியவில்லை. பெற்றோல்மக்ஸைக் கொளுத்திக் கைமரத்தில் கட்டினோம். அல்பிரட் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னோடு கதைத்தான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. வெறும் கறுப்பு. அவனுக்கு எதிரே விளக்கைப் பார்த்து நின்றவர்களின் முகமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கையில் இருந்த கொட்டாப்புளியைக் கீழே விட்டுவிட்டேன். "என்ன பாஸ், பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?" என்று அவன் கேட்டான்.

பல்கீஸ், கவனமாக வாசி. அன்றைக்குக் கரையில் மாமா எனக்கு இடப்பக்கம் நின்றார். வெளிச்சம் வந்ததும் நான் இடப்பக்கமாகத்தான் திரும்பினேன். கடலைப் பார்க்க முன்னம் அவரைத் தாண்டித்தான் என் கண் போனது. வெளிச்சம் கிழக்கிலிருந்து வருகிறது. கிழக்கே திரும்பின எல்லார் முகமும் வெள்ளையாகத் தெரிந்தது. மரைக்காருடைய பல்லுக்கூடத் தெரிந்தது. மாமாவின் முகம் இருட்டாக இருந்தது. அவருடைய தொப்பியின் பின்பக்கமும் பிடரியும்தான் மினுங்கின. அது அணைந்து நான் மறுபடி திரும்பிய நேரமும் அவர் அப்படியே நீட்டின கையோடு நின்றார்.

அவர் நெருப்பைப் பார்க்கவில்லை. திரும்பவே இல்லை. பார்க்காத நெருப்பு எப்படிக் கண்ணில் நிற்கும்?

இது இத்தனை நாளும் எனக்குள்ளேதான் கிடந்திருக்கிறது. பிறையைக் கண்டாயா என்று கேட்டார்கள். காணவில்லை என்று சொன்னேன். வேறு என்ன கண்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. அந்த எரிவெள்ளியே என் நினைப்பை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.

இப்போதும் பிறையைக் கண்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதைக் கண்டேன். இதற்குச் சாட்சி சொல்வேன். வருகிற 19ஆம் திகதி ஜும்ஆவுக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் சொல்லலாமா? அதனால் மாமாவுக்கு இன்னும் கேவலம் வருமோ என்று ஒரு பயமும் இருக்கிறது. நீ சொல்லு.

அலியார்


786
பெரிய கிண்ணியா,
13.3.1965

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைக் கிணற்றடியில் நின்று வாசித்தேன். வாசித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

வந்து சொல்லுங்கள். வாப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மரைக்கார் இதையும் சிரிப்பாக்கிவிட்டால் அந்த மனுசன் இரண்டாம் முறையும் விழ வேண்டாம். தேர்தல் கார்கள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊரை இரண்டாக்குகின்றன. இந்தச் சத்தத்தில் உங்கள் பேச்சை யார் கேட்பார்களோ தெரியாது. ஆனாலும் வாருங்கள்.

பள்ளிக்கு வருகிறவர் வீட்டுக்கும் வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் களைத்துவிட்டது.

பல்கீஸ்


கந்தளாய்,
20.3.1965

பல்கீஸ்,

ஸலாம். நேற்று நடந்தது உனக்கு இதற்குள் ஆட்கள் சொல்லி வந்திருக்கும். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லியிருப்பார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன்.

தொழுகை முடிந்ததும் எழும்பி நின்றேன். உனக்கு எழுதினதையே சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மரைக்கார், "பிறையைக் கண்டதுக்குச் சாட்சி கேட்டம். நீங்க முகத்தைக் காணாததுக்குச் சாட்சி சொல்றீங்க" என்றார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். நான் மறுபடி பாயில் குந்திவிட்டேன்.

அப்போது தொழுகை நடத்தின லெவ்வை மிம்பர் மேடையடியில் இருந்து கேட்டார். "மரைக்கார், நீங்க அண்டைக்குத் திரும்பிப் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றார் மரைக்கார். "நானும் பாத்தன். இஞ்ச இருக்கிற எல்லாரும் பாத்தம். அப்ப நெருப்பப் பாத்த கண் நம்மட கண்தானே? பாக்காத கண் ஒரு சோடிதான் கரையில இருந்திரிக்கு. அந்தக் கண்ணத்தானே நாம நம்பல்ல?" என்றார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு எழும்பிப் போனார்கள்.

பெருநாள் முடிந்துவிட்டது. ஒன்றும் மாறப் போவதில்லை. மாமாவிடம் யாராவது போய் ஒரு வார்த்தை சொன்னார்களா என்றும் எனக்குத் தெரியாது.

துறையடிக்குப் போகும்போது நம் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை வாசலில் நின்றேன். வெறும் கைமரம் தெரிந்தது. உள்ளே வரக் கால் எழவில்லை. உன்மேல் கோபம் இல்லை. மாமாவுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியவில்லை. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அவர் கூப்பிடாமல் வரமாட்டேன்.

அலியார்


786
பெரிய கிண்ணியா,
24.3.1965

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒழுங்கை வாசலில் நீங்கள் நின்றதை நான் கண்டேன். அடுப்பில் கறி இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். உங்களுக்கு வறட்டுப் பிடிவாதம் இருக்கிற மாதிரி எனக்கும் இருக்கிறது. நீங்கள் போன பிறகு கறி அடிப்பிடித்த மணம் வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரமே லெவ்வை வீட்டுக்கு வந்துவிட்டார். மழைத் தண்ணீர் தேங்கிய முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, நீங்கள் சொன்னதை எல்லாம் வாப்பாவிடம் சொன்னார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "சரி" என்று மட்டும் சொன்னார். லெவ்வை போகும்போது வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் குசினிக்குள் நின்று அழுதேன். மரைக்கார் வரவில்லை. வரமாட்டார். ஆனால் மறுநாள் றுக்கியா ஒரு கோப்பையில் பால் கொண்டுவந்து, வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

வாப்பா மூட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. மூதூருக்குப் போவதாகவும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. தேர்தலன்று போய் வாக்குப் போட்டார். நேற்றுக் கடைக் கதவில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்தார். ஆட்கள் வந்தார்கள். சீனி கேட்டவர் சீனியை மட்டும் கேட்டார்.

நேற்று அந்திக்கு நானும் அவரும் வாசலில் இருந்தோம். எனக்குக் கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்டேன். "ஊரே திரும்பிப் பாத்திச்சே வாப்பா, நீங்க ஏன் திரும்பல்ல?"

"கண்ண எடுத்தா அது தவறிப் போயிரும் புள்ள. அவ்வளவு மெல்லிசு" என்றார். "தண்ணியில வெளிச்சம் விழுந்திச்சி. உலகம் அழியப் போகுது எண்டுதான் நினைச்சன். அழியிறதெண்டா அழியட்டும், முதல்ல மருமகன் இதக் காணட்டும் எண்டு கைய நீட்டிக்கிட்டே நிண்டன்."

நான் விளக்குக் கொளுத்த எழும்பினேன். அப்போது கேட்டார், வெட்கப்படுகிற ஆள் மாதிரி மெதுவாக.

"பால்குடிப் பிள்ளையத் தூக்கிக் காட்டினவங்களாம். ஊரில எல்லாரும் கண்டிட்டாங்க. நான் மட்டும்தான் காணல்ல. எப்பிடி இருந்திச்சி அது?"

மச்சான், இத்தனை நாளும் அந்த எரிவெள்ளியைக் கண்டுவிட்டார் என்றுதானே அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். கரையில் நின்ற ஆட்களில் அதைக் காணாத ஒரே ஆள் அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்படியில் விழுந்த வெளிச்சத்தை மட்டும்தான் நான் கண்டேன் என்று சொன்னேன். நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், எடுத்துவந்து வாசிக்கட்டுமா என்று கேட்டேன். கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

"கடுதாசி வேணாம் புள்ள. கண்ட ஆள் வந்து சொல்லட்டும். மருமகன வரச் சொல்லு."

பல்கீஸ்